குடிபெயர்ந்த தேதி

பிப்ரவரி 9, ஞாயிறு

காலையில் பல் தேய்ப்பதற்குள் அவர் போன். "சுகந்தி, உன் டபிள்யூ-டூ வந்துடுச்சு. பிரிச்சு ஸ்கேன் பண்ணி டாக்ஸ் ஆபீசுக்கு அனுப்பிட்டேன். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

நீ ஒண்ணும் பண்ண வேண்டாம் என்பது எங்கள் கல்யாணத்தின் தேசிய கீதம். கேட்டதும் எழுந்து நிற்கப் பழகிவிட்டேன்.

டபிள்யூ-டூ என்பது போன வருடச் சம்பளமும் அதில் பிடித்த வரியும் போட்டு ஆபீசில் கொடுக்கும் தாள். என் பெயருக்கு வந்தது, நியூஜெர்சியில் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறது. நான் இருப்பதோ நார்த் கரோலினாவில், சார்லட் நகரத்தில். போன ஜூலையில் ஒரு வங்கியில் மென்பொருள் சோதிக்கிற வேலைக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்தேன். ஆபீசில் முகவரியை மட்டும் மாற்றாதே என்று அவர் கண்டிப்பாகச் சொன்னார். முகவரி மாறினால் பைலில் குழப்பம் வருமாம்.

எங்கள் வீட்டில் மூன்று பேர்: அவர், நான், பைல். பைல் என்றால் கிரீன் கார்டு பைல். எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது, அதனால் வீட்டில் மூத்தது அதுதான். பைலுக்கு ஆகாது என்று அவர் வேகமாகக் கார் ஓட்ட மாட்டார், வீட்டுக்கடன் தவணைக்கு ஒருநாள் தாமதிக்க மாட்டார், பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத் தொட்டியை நம் வாசலில் வைத்தாலும் சண்டைக்குப் போக மாட்டார்.

மதியம் துணி துவைத்தேன். ரசம் வைத்தேன், புளி கூடிப்போய்விட்டது. கேட்க ஆள் இல்லை, குடித்துவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

ஆபீசில் வெள்ளை பேட்ஜைத் திருப்பிக் கொடுத்து நீல பேட்ஜ் வாங்கிக்கொண்டேன். வெள்ளை ஒப்பந்த ஆட்களுக்கு, நீலம் வங்கியின் சொந்த ஆட்களுக்கு. போட்டோவில் திருதிருவென்று முழிக்கிறேன்.

"கான்ட்ராக்ட் கழுதையா இருந்தவ கம்பெனி கழுதை ஆயிட்ட, பார்ட்டி எப்போ?" என்றார் லூர்து அக்கா. நாகர்கோவில்காரர். இந்த மாடியில் என்னைத் தவிர தமிழ் பேசும் ஒரே ஆள், காரில் என்னோடு வருகிறவரும் அவரே.

சாயங்காலம் அவரிடம் பேசும்போது, புராஜெக்டை இன்னும் கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள் என்று சொன்னேன். ஒரு விதத்தில் நீட்டிப்புதானே.

பிப்ரவரி 20, வியாழன்

டாக்ஸ் ஆபீஸ் என்று நாங்கள் சொல்வது சென்னை அம்பத்தூரில் இருக்கிறது. அமெரிக்காவில் வேலை செய்கிற நம் ஆட்களுக்கு அங்கே உட்கார்ந்து வரிக்கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். நமக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். இந்த முறை பெனசீர் என்று ஒரு பெண்.

"மேடம், வருஷம் பூரா நியூஜெர்சிக்கே ஸ்டேட் டாக்ஸ் பிடிச்சிருக்காங்க. ஆனா ஜூலைலேருந்து நீங்க நார்த் கரோலினா ஆபீஸ்ல வேலை பாத்திருக்கீங்க. வேலை பாத்த ஸ்டேட்டுக்கும் ஃபைல் பண்ணணும்."

"சரி, பண்ணிடுங்க."

"அதுக்கு ஒரே ஒரு கேள்வி மேடம். அங்க டெம்பரரியா போனீங்களா, ஷிஃப்ட் ஆயிட்டீங்களா?"

"ரெண்டுக்கும் வரி எவ்ளோ வித்தியாசம் வரும்?"

"பெருசா இல்ல மேடம். நார்த் கரோலினாவுக்குக் கட்டுறது ஜெர்சில கழிஞ்சிடும். ஆனா எந்த ஃபார்ம்னு தெரியணும்ல? திரும்ப வீட்டுக்குப் போற எண்ணம் இருந்தா டெம்பரரி. இல்லைன்னா ஷிஃப்ட்டிங், அதுக்கு ஒரு தேதி வேணும்."

எண்ணத்துக்கெல்லாம் அரசாங்கம் ஒரு கட்டம் வைத்திருக்கும் என்று நான் நினைத்ததில்லை. சம்பளம் கேட்பார்கள், வட்டி கேட்பார்கள். இது என்ன கேள்வி?

"சாரைக் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகுதான் உறைத்தது. என் எண்ணம் என்ன என்று அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அவரும் பெனசீரும் நானும் ஒரே அழைப்பில். முதலில் பெனசீர், "மேடம், உங்க சார்பா சார் பேசலாம்னு நீங்க ஒரு தடவை சொல்லிடுங்க, ரெக்கார்டிங்குக்கு" என்றாள்.

சொன்னேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வங்கி, இன்ஷூரன்ஸ், போன் கம்பெனி, பல் டாக்டர் என்று எங்கே பேசினாலும் அவர் என்னைக் கூப்பிட்டுப் போனைக் கையில் கொடுப்பார். என் பெயரும் பிறந்த தேதியும் சொல்லி, என் கணவர் பேசலாம் என்று அனுமதி கொடுத்துவிட்டு நான் அடுப்புக்குத் திரும்பிவிடுவேன். வாரம் ஒரு முறையாவது யாரிடமாவது என்னை ஒப்படைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

"நார்த் கரோலினாவே வேண்டாம்" என்றார் அவர். "வருஷம் பூரா வீட்டிலேருந்தே வேலை பாத்தான்னு போட்டா என்ன? டாக்ஸ் ஜெர்சிக்குக் கட்டியாச்சு. நம்ம பக்கம் பாக்கி இல்லையே."

"போடலாம் சார். ஆனா ஆபீஸ் அங்க இருக்கு, அபார்ட்மென்ட் அங்க இருக்கு. பின்னாடி நோட்டீஸ் வந்தா அது பொய்யான ரிட்டர்ன் ஆயிடும்."

பொய் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் குரல் மாறியது. "இல்ல இல்ல. பைல்ல பொய் ஏறக்கூடாது. நார்த் கரோலினா போட்டுடுங்க. டெம்பரரின்னு போடுங்க. அதுதானே உண்மை. இல்ல சுகந்தி?"

நான் ம் என்றேன். அது ம் தானா, வெறும் மூச்சா என்று எனக்கே தெரியவில்லை. அவர் அதை ம் என்றே எடுத்துக்கொண்டார்.

மார்ச் 1, சனி

கார் பின் டயரில் காற்று குறைவாக இருக்கிறது என்று நியூஜெர்சியிலிருந்து செய்தி அனுப்பினார். அவர் போனில் எல்லாம் தெரியும். கீழே போய்ப் பார்த்தேன். உண்மைதான். அடித்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

கோடைக்காக இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்கும் நாள். எனக்குத் தலைவலி.

அவர் நேற்று உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறார். படித்தவர் சும்மா இருக்க மாட்டார். "சுகந்தி, டெம்பரரின்னா என்ன அர்த்தம் தெரியுமா? திரும்பி வரணும். திரும்பி வராம உக்காந்துட்டு டெம்பரரின்னு கையெழுத்துப் போட்டா அது பொய். நாளைக்கு கிரீன் கார்டு இன்டர்வியூல கேட்டான்னா நான் என்ன சொல்றது? உன் பேரும் அதே பைல்லதான் இருக்கு."

"சரிங்க. அதுக்கு?"

"அதுக்கு நீ வந்துடு. ரிட்டர்னுக்கு ஏப்ரல் பதினஞ்சு கடைசி நாள். அதுக்கு முன்னாடி வந்துட்டா ரிட்டர்ன் சுத்தமா இருக்கும்."

வேறு ஒருவர் என்றால் இருக்கிற வாழ்க்கையைப் பார்த்து ஃபார்மை நிரப்புவார்கள். இவர் ஃபார்மை நிரப்பிவிட்டு அதற்கு ஏற்றபடி வாழ்க்கையைத் திருத்துகிறார். இதில் அவர் ஒருத்தரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்களுக்குத் தெரிந்த எல்லா வீட்டிலும் இதே கதைதான். பைலுக்காகப் பிடிக்காத வேலையில் தொங்குகிறவர்கள் உண்டு. ஊரில் அப்பா செத்ததற்குப் போகாமல் வீடியோவில் அழுதவர்கள் உண்டு. இப்படி இருந்து இருந்து, பைல் சரியாக இருந்தால் நாமும் சரியாக இருக்கிறோம் என்று நம்ப ஆரம்பித்துவிட்டோம்.

"வேலை?" என்று கேட்டேன்.

"இங்க ஜெர்சிலயே, எடிசன்ல, நம்ம பூபதி கம்பெனில சொல்லி வச்சிட்டேன். வீட்டிலேருந்தே பாக்கலாம். நீ ஒண்ணும் பண்ண வேண்டாம்."

மார்ச் 15, சனி

டிக்கெட் வந்துவிட்டது. ஏப்ரல் 12, சனிக்கிழமை காலை, சார்லட்டிலிருந்து நியூஜெர்சியின் நியூஅர்க். ஒருவழி. ஜன்னலோர இருக்கை போட்டிருக்கிறார், எனக்குப் பிடிக்கும் என்று. காரை லாரியில் ஏற்றி அனுப்ப ஆளும் பேசிவிட்டாராம். தமிழ் வருடப் பிறப்புக்கு வீட்டில் இருப்போம், மாங்காய்ப் பச்சடி வைக்கலாம் என்று ஒரு சிரிப்பு முகம் போட்டு அனுப்பினார். நானும் ஒரு சிரிப்பு முகம் அனுப்பினேன். அனுப்பிவிட்டுக் குளியலறையில் போய்க் கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

பெட்டிகளை அலமாரியிலிருந்து இறக்கிக் கூடத்தில் வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

பெட்டிகள் கூடத்திலேயே இருக்கின்றன. சுற்றிக்கொண்டு நடக்கிறேன். முழங்காலில் இரண்டு முறை இடித்துக்கொண்டாகிவிட்டது.

லூர்து அக்கா வந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எங்க பயணம்?" சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து, "ஒண்ணு கேக்கட்டா? அடிப்பாரா?" என்றார்.

"ஐயோ இல்லக்கா."

"குடி?"

"பைலுக்கு ஆகாதுக்கா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். பிறகு, "அப்போ என்ன மக்கா உனக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். நான் டீ போட எழுந்து போய்விட்டேன். அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

அந்த வீட்டின் வாசல் மணியில் ஒரு கேமரா. நான் செருப்பைப் போட்டுக் கதவைத் திறந்ததும் அந்த மணியிலிருந்து அவர் குரல் வரும். "எங்க கெளம்பிட்ட? மழை வருது, குடை எடுத்துக்க." அவர் ஆபீசில் இருப்பார், குடை கதவுக்குப் பின்னால் இருக்கும், மழையும் சொன்னபடி வரும். வீட்டின் சூடு அவர் போனில். கடை ரசீது அவர் போனில். ஒருநாள் காளான் வாங்கினேன். "காளான் உனக்கு ஆகாதே, யாருக்கு?" என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அந்தக் காளானைச் சமைக்கவே இல்லை.

கோபித்துக்கொள்ள முடிந்திருந்தால் கோபித்திருப்பேன். நல்ல மனிதர். அவரைப் பற்றி யாரிடமும் புகாராகச் சொல்ல என்னிடம் ஒன்றுகூட இல்லை, சொன்னால் கேட்கிறவர்கள் என்னைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்த வீட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறது. அவ்வளவுதான். இதற்கு எந்த ஃபார்மில் கட்டம் இருக்கிறது?

மார்ச் 26, புதன்

காலையில் பெனசீர் கூப்பிட்டாள். "மேடம், சார் அனுப்பின ட்ராஃப்ட் பாத்தீங்களா? டெம்பரரின்னு போட்டு ரெடியா இருக்கு. நீங்களும் சாரும் சைன் பண்ணா முடிஞ்சது."

"பெனசீர், அந்தக் கேள்விக்குப் பதிலை நான் மாத்தணும்னா மாத்தலாமா?"

"மேடம், ஒரு நிமிஷம், பாங்கு சொல்லப் போறாங்க. நோன்பு தொறந்துட்டு ஒரு பத்து நிமிஷத்துல கூப்பிடட்டா?"

கூப்பிட்டாள். வாயில் ஏதோ மெல்லும் சத்தத்தோடே பேசினாள். "லாகின் சார் பேர்ல இருக்கு மேடம். சார்தான் ப்ரைமரி, நீங்க ஸ்பௌஸ். மாத்தணும்னா சார் போனுக்கு ஓடிபி போகும், சார் ஓகே பண்ணணும்."

"என் எண்ணத்தை மாத்த அவருக்கு ஓடிபி போகுமா?"

சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று, "சாரி மேடம்" என்றாள். பிறகு, "வேற வழி ஒண்ணு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வேற வேற ஸ்டேட்ல குடியிருக்கீங்கன்னா ஃபெடரல் சேந்து போட்டுட்டு ஸ்டேட் மட்டும் தனித்தனியா போடலாம். அப்போ உங்க பேர்ல தனி லாகின் தருவோம். ஃபெடரலுக்கு மட்டும் சார் சைன் வேணும்" என்றாள்.

மத்தியில் கூட்டணி, மாநிலத்தில் தனித்துப் போட்டி. நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாதா என்ன?

மார்ச் 30, ஞாயிறு

எனக்கு இருக்கிற பயத்தையும் எழுதிவிடுகிறேன். நான் இந்த நாட்டில் இருப்பது அவருடைய விசாவில். அவர் மனைவி என்பதால் இருக்கிறேன், அவர் மனைவி என்பதால் வேலை பார்க்க ஒரு அட்டை கொடுத்திருக்கிறார்கள். அட்டை டிசம்பரில் முடிகிறது. புதுப்பிக்க அவருடைய காகிதங்கள் வேண்டும். அவர் மனம் கசந்து கொடுக்காவிட்டால் அன்றோடு என் வேலை போச்சு, நீல பேட்ஜ் போச்சு. திருமணமே இல்லை என்று ஆகிவிட்டால் ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். ஊரில் அம்மா முதலில் கேட்கிற கேள்வி, "அப்படி என்னடி பண்ணிட்டாரு?"

டெம்பரரி என்று கையெழுத்துப் போட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். போடாவிட்டால் நாட்டை விட்டே போக வேண்டி வரலாம். இந்தப் பக்கம் போனாலும் கதவு, அந்தப் பக்கம் போனாலும் கதவு, இரண்டும் அவர் பக்கம்தான் திறக்கும்.

பூபதி கம்பெனியிலிருந்து சேரும் தேதி கேட்டு மெயில் வந்தது. அவருக்கும் ஒரு பிரதி போட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 3, வியாழன்

பெனசீருக்குப் பெருநாள் வாழ்த்துச் சொன்னேன். பிரியாணி என்னாச்சு என்று கேட்டேன். நார்த்தங்காய் ஊறுகாயோடு சாப்பிட்டதாகச் சொன்னாள். பிரியாணிக்கு ஊறுகாயா என்று கேட்டதற்கு, "எங்க மாமியார் வீட்ல அப்படித்தான் மேடம், நான் ஒண்ணும் சொல்ல முடியாது" என்றாள்.

தனி லாகின் வேண்டும் என்று சொன்னேன். என் போனுக்கே ஓடிபி வந்தது. அந்த எண்களை இரண்டு முறை தப்பாகத் தட்டினேன். இத்தனைக்கும் தினமும் கோடிக்கணக்கில் பணம் நகர்த்துகிற மென்பொருளைச் சோதிப்பவள் நான்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அவர் போன். ஃபிரிட்ஜை இப்போதே காலி செய்ய ஆரம்பி, தயிர் வாங்காதே என்றார். சரி என்றேன். சாயங்காலம் போய்த் தயிர் வாங்கினேன், பெரிய டப்பா.

ஏப்ரல் 9, புதன்

இன்று நிரப்பினேன். ஷிஃப்ட் ஆனது என்று போட்டேன். தேதி கேட்டது.

ஜூலை என்று போட்டிருந்தால் வேலை சுலபம். ஆனால் ஜூலையில் நான் வந்தபோது திரும்பிப் போகிற எண்ணத்தோடுதான் வந்தேன். ஆறு மாதம், சம்பளம் அதிகம், வீட்டுக்கடனுக்கு ஆகும் என்று இரண்டு பேரும் பேசி வைத்துத்தான் வந்தேன். அதனால் ஜூலை பொய். பைலில் பொய் ஏறக்கூடாது என்று இத்தனை வருடம் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டது போல. நெடுநேரம் உட்கார்ந்திருந்து சரியான தேதியைப் போட்டேன். எது என்று இங்கே எழுதப் போவதில்லை.

பெனசீர் பார்த்துவிட்டு, "அந்தத் தேதிக்கு ஏதாவது ப்ரூஃப் இருக்கா மேடம்? லீஸ், லைசென்ஸ் மாதிரி?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"பரவால்ல மேடம். கேட்டாதான் காட்டணும்."

கூட்டு ரிட்டர்னில் அவர் கையெழுத்துக்காக என் தாள்களும் சேர்த்துத்தான் போகும். வெள்ளி இரவுக்குள் அவர் பார்ப்பார்.

ஏப்ரல் 11, வெள்ளி

பெட்டிகளைத் திரும்ப அலமாரியில் ஏற்றினேன். அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "நாளைக்கு நான் வரலைங்க. புராஜெக்ட் நீட்டிக்கல. நானாத்தான் கேட்டு இங்கயே நிரந்தர வேலைல சேந்துட்டேன், பிப்ரவரிலயே. டாக்ஸ் பேப்பர்ல மத்தது இருக்கு. படிச்சிட்டுப் பேசுங்க."

பார்த்துவிட்டார் என்று இரண்டு நீல டிக் வந்தது. பதில் இல்லை.

ஏப்ரல் 12, சனி

விமானம் சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டதாக எனக்கு மெயில் வந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

அவர் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசாத நாள் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. இரண்டு முறை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. சாப்பிட்டிருப்பாரா என்று கவலை வந்தது. அந்தக் கவலை வந்ததில் எனக்கு என் மேலேயே எரிச்சல்.

லூர்து அக்கா சர்ச்சிலிருந்து நேராக இங்கே வந்து, ஒன்றும் கேட்காமல் கூட உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி வைத்தேன். வேப்பம்பூ கிடைக்கவில்லை. ஆபீசிலிருந்து வந்து விளக்கேற்றியபோது அவர் கூப்பிட்டார்.

"புத்தாண்டு வாழ்த்து" என்றார்.

"உங்களுக்கும்ங்க."

"பேப்பர்லாம் பாத்தேன். ரெண்டு நாளா அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "உன் வொர்க் பெர்மிட்டுக்கு நான் பேப்பர் தர மாட்டேன்னு நெனச்சியா?"

"நெனச்சேங்க" என்றேன்.

"என்னை அவ்ளோ கேவலமாவா நெனச்ச?"

"பயந்தேங்க. எனக்கு எல்லாத்துக்கும் உங்க கையெழுத்து வேணும். பயப்படாம எப்படி இருக்க முடியும்?"

அவர் தருவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மௌசைத் தட்டும் சத்தம் கேட்டது. கணக்கு என்று வந்துவிட்டால் அவர் குரல் நிதானமாகிவிடும். "ஒரு சந்தேகம். ஷிஃப்ட் ஆன தேதி தப்பா இருக்கு. ஜூலைல போன. ஜூலைன்னு போட்டா எனக்குப் புரியுது. சரி, அப்பவே பிளான் பண்ணிட்டன்னு நெனச்சுக்குவேன். நீ நவம்பர் மூணுன்னு போட்டிருக்க."

"தப்பு இல்லங்க. அதுதான் சரியான தேதி."

"நவம்பர் மூணு என்ன நடந்துச்சு? லீஸ் ஜூலைல. வேலை ஜூலைல. நவம்பர் மூணுல ஒண்ணுமே இல்லையே. இரு, காலண்டர் பாக்கிறேன்." திரும்ப மௌஸ் சத்தம். பிறகு அதுவும் நின்றது. "தீபாவளிக்கு உன்கிட்ட வந்துட்டு நான் கெளம்பின நாளு."

"ஆமாங்க."

"ஏர்போர்ட்ல என்னை எறக்கி விட்டுட்டு நீ அழுத."

"ஆமா."

"தேம்பித் தேம்பி அழுத. பின்னாடி காரெல்லாம் ஹாரன் அடிச்சான். போலீஸ்காரன் வந்து வண்டிய எடுக்கச் சொன்னான்."

"ஆமாங்க."

"நான் போறேன்னு அழறன்னுதான்…" அவர் முடிக்கவில்லை. "பிளேன்ல வர்ற வழியெல்லாம் அதையே நெனச்சிட்டு சந்தோஷமா வந்தேன் சுகந்தி" என்றார்.

விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன். பெட்டியை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கதவுக்குள் அவர் போனதும் என் நெஞ்சுக்குள் ஏதோ கட்டவிழ்ந்தது. எத்தனையோ வருடம் கழித்து முழுதாக மூச்சு விட்டேன். அதில் வந்த அழுகை அது. நல்ல மனிதர் ஒருவர் போனதில் எனக்கு இவ்வளவு நிம்மதியா என்று தெரிந்ததும், அதற்கும் சேர்த்து அழுதேன். அன்றைக்குத்தான் எனக்குத் திரும்பிப் போகிற எண்ணம் இல்லாமல் போனது. வேறு எந்தத் தேதியைப் போட்டாலும் பொய்யாகிவிடும்.

பிறகு அவர் கேட்டார். "அப்போ இதுல பொய் ஒண்ணும் இல்ல."

"இல்லங்க."

"சரி" என்றார். வைத்துவிட்டார்.

பச்சடியை அப்படியே எடுத்து ஃபிரிட்ஜில் வைத்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் பெனசீர். நான் ஹலோ சொல்வதற்குள், "மேடம், முடிஞ்சுது! எல்லாம் போயிடுச்சு" என்றாள். அவளுக்கு இன்று இரவோடு சீசன் முடிகிறதாம். நாளை முழுக்கத் தூங்கப் போகிறாளாம்.

அட்டை முடிகிற டிசம்பரைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. அவரிடம் கேட்க இன்று எனக்கு வாய் வராது. அம்மாவிடம் சொல்ல வேண்டும், அதற்கும் வாய் வரவில்லை.

ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன் என் லாகினில் நுழைந்து பார்த்தேன். என் கையெழுத்துக்கு மேலே அவர் கையெழுத்து இருந்தது, விடியற்காலையில் போட்டிருக்கிறார். தேதியை மாற்றவில்லை.